பின்னால் வருபவர்களை வணங்கிய பாண்டியன்

மலர்க் குழுவினர் இந்த முறை நம் பக்கத்துப் பெரியவர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ரசிகமணி டி.கே.சி.யை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். குற்றாலம் என்றதும் அவர் பெயர்தானே முதலில் வரும். ஆனால் நான் அவரையும் தாண்டி ஐந்நூறு வருஷம் பின்னால் போகப் போகிறேன். தென்காசிப் பெரிய கோயிலைக் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன்தான் நான் எடுத்துக்கொண்ட ஆள்.

ராஜா கதை எதற்கு இப்போது என்று மாணவ மணிகள் கேட்கலாம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் நம் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு முதியோர் இல்லம் நடத்திவருவது உங்களில் பலருக்குத் தெரியும். தனித்தனி வீடுகளாகக் கொஞ்சம், படுக்கையில் விழுந்துவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கூடம், பொதுச் சமையல்கட்டு. அதன் அறங்காவலர்களில் நானும் ஒருவன். அந்தப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் இந்தப் பாண்டியன் எனக்குப் புரிய ஆரம்பித்தான். அதுவரை தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோபுர வாசலில் முதுகைத் தள்ளும் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வரும் ஆள்தான் நானும்.

அவன் காலம் பாண்டியர்களுக்கு நல்ல காலம் இல்லை. 1311-இல் மாலிக்காபூர் மதுரைக்கு வந்துபோனதிலிருந்து சரிவு. அப்புறம் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விஜயநகரத்துக் குமாரகம்பணன் வந்து அவர்களை ஒழித்தான். ஆனாலும் மதுரை மறுபடி பாண்டியர் கைக்கு நிலையாக வரவில்லை. தலைநகரை இழந்த குடும்பம் தெற்கே ஒதுங்கி, தாமிரபரணிக் கரையிலும் சிற்றாற்றங்கரையிலுமாக ஒரு சின்ன ராஜ்யத்தை வைத்துக்கொண்டு பிழைத்தது. அந்தக் கிளையில் 1422-இல் பட்டத்துக்கு வந்தவன் பராக்கிரமன். 1463 வரை, நாற்பத்தோரு வருஷம் ஆண்டான்.

சண்டை போடாமல் ஆளவில்லை. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் சேரன். சங்கரநயினார் கோயில், திருக்குற்றாலம் முதலான இடங்களில் சேரனை வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி பேசுகிறது. குற்றாலத்தில் சண்டை என்றால் இன்றைக்கு நமக்கு ஆச்சரியமாக இருக்கும். சீசனில் அருவியில் இடம் பிடிக்கிற சண்டையைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்! மானகவசன் என்ற பட்டமும் அவனுக்கு உண்டு. இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். போர் செய்த அரசர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே கிடையாது.

அவனை இன்றுவரை நிறுத்திவைத்திருப்பது 1446-இல் அவன் தொடங்கிய திருப்பணி. தென்னாட்டுக்காரர்கள் காசிக்குக் கிளம்பினால் பாதி வழியிலேயே செத்துப்போகிறார்கள், அவர்களுக்காக இங்கேயே ஒரு காசி அமைத்துக் கொடு என்று சிவபெருமான் கனவில் வந்து சொன்னதாகவும், எறும்புச் சாரை போன வழியே போய் செண்பக வனத்தில் லிங்கத்தைக் கண்டதாகவும் தலபுராணம் சொல்லும். காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம் வழியில் நகர மறுத்த இடம்தான் சிவகாசி என்று இன்னொரு கதையும் அவன் பேரில் உண்டு. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் கதைக்கு உள்ளே இருக்கும் விஷயத்தைக் கவனியுங்கள். நடக்க முடியாதவர்களுக்கும், வயதாகிப் போனவர்களுக்கும், வசதியில்லாதவர்களுக்கும் கடைசிக் காலத்துப் புண்ணியத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த திருப்பணி அது. காசி என்பது அந்தக் காலத்து மனிதனுக்கு ஊர் மட்டும் இல்லை, முடிவு நாட்களைக் கழிக்கும் இடம்.

1457-இல் ராஜகோபுரத்துக்கு வேலை ஆரம்பமாயிற்று. ஒன்பது நிலை. அது முடிவதைப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1463-இல் போய்விட்டான். தம்பி குலசேகர பாண்டியன்தான் கோபுரத்தை முடித்தான். பதினேழு வருஷம் ஒரே வேலையாக இருந்தவன், கடைசியில் அரைகுறைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் மனசு உடைந்திருக்கும். அவனுக்கு அப்படி இருந்திருக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம், அவன் கல்லில் வெட்டிவைத்த மூன்று பாட்டுகள்.

பாட்டுகளை இங்கே தரவில்லை. கோயிலுக்குப் போனால் படித்துக்கொள்ளலாம். சாரத்தை மட்டும் என் பாஷையில் சொல்கிறேன். ஒன்றில், இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதாவது வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும், உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்கிறான். இன்னொன்றில், கோயிலை நினைவில் வைத்து அதன் காவலை ஏற்றுக்கொள்ளும் அரசர்களின் பாதங்களைத் தலைமேல் தாங்கிக்கொண்டுவிட்டதாகச் சொல்கிறான். மூன்றாவதில், இது தெய்வத்தால் ஆனது, தன்னால் ஆனதில்லை என்று சொல்லிவிட்டு, இதை மேலும் விரிவாக்கிக் காப்பவர்களின் காலில் விழுந்து அவர்களுக்கு ஏவல் செய்வேன் என்கிறான்.

தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்று எழுதிவைக்கிற வழக்கம் அவனுக்கு முன்பே நம் கல்வெட்டுகளில் உண்டு. அவன் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பெரும்பாலான கல்வெட்டுகள் அதோடு நிற்காது. இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு சாபத்தையும் போட்டு முடிக்கும். இந்த மூன்று பாட்டிலும் சாபமே இல்லை. கும்பிடு மட்டும்தான். அதிகாரத்தில் இருந்தவன், தான் செத்த பிறகு தன் அதிகாரம் செல்லாது என்று தெரிந்துகொண்டு, இன்னும் பிறக்காதவர்களிடம் கெஞ்சியிருக்கிறான். பாட்டில் தன் பெயரைப் போடாமல் விட்டானா என்று கேட்காதீர்கள். போட்டுத்தான் இருக்கிறான். ஆனால் பெயரை மற்றவர்கள் காலடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். டியூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிவைக்கிற நமக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது எங்கள் இல்லத்துக்கு வருகிறேன். அதை ஆரம்பித்தவர் நம் கல்லூரியில் எங்களுக்குப் பல வருஷம் மூத்தவர். பெயரைச் சொன்னால் அவர் ஆத்மா கோபித்துக்கொள்ளும். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. நிலத்தை எழுதிவைத்தார், டிரஸ்ட் டீடு போட்டார், செங்கல் எண்ணி வாங்கினார், சாம்பாரில் உப்பு சரியா என்பதுவரை அவரே பார்த்தார். அவர் இருந்தவரை அறங்காவலர் கூட்டம் என்றால் மிக்சரும் காபியும்தான். அவர் சொல்வார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். அவர் போன மறு மாசம்தான், டீடில் எங்கள் பெயர் எதற்கு இருக்கிறது என்று எங்களுக்கே தெரிய வந்தது.

எனக்குத் தெரிந்தவரை இந்த மாதிரி இல்லங்கள் பலவற்றுக்கு வரும் கண்டம் இதுதான். ஆரம்பித்தவர் இருக்கும்வரை ஓடும். அவருக்கு அப்புறம் மகன் பார்ப்பான், மகனுக்கு அப்புறம் நிலத்தின் விலை பார்க்கும். குற்றாலத்தில் நிலம் என்ன விலை போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை என்னமோ சின்னச் சின்ன வேலைதான். சாரல் ஆரம்பித்துவிட்டால் நடைபாதைத் தளம் வழுக்கும். எண்பது வயதில் ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு, அப்புறம் எழுந்து நடப்பது சந்தேகம். அதனால் ஆனி பிறப்பதற்கு முன்பே பாசியைச் சுரண்டி, கைப்பிடிக் கம்பி ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்காது. கிடைத்த ஆள் தூங்காமல் இருக்கிறாளா, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிறாளா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இதையெல்லாம் மேனேஜர் பார்ப்பார், அறங்காவலருக்கு என்ன வேலை என்றால், மேனேஜர் பார்க்கிறாரா என்று பார்ப்பதுதான் வேலை. சொல்லிவிட்டுப் போகாமல், திடீரென்று, ராத்திரியில் ஒரு நாள் போக வேண்டும்.

பெரிய விஷயம் பணம். வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் ஒரு தொகையை முன்பணமாகக் கட்டுகிறார்கள். அவர்கள் காலம் முடிந்ததும் அல்லது வேண்டாம் என்று போகும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியில் அந்தத் தொகை மொத்தமாகக் கிடக்கிறபோது எந்த அறங்காவலருக்கும் கை அரிக்கும். திருட்டு எண்ணம் வேண்டியதில்லை, நல்ல எண்ணமே போதும். இன்னும் நாலு வீடு கட்டலாமே, நாலு பேருக்கு உதவுமே என்று தோன்றும். கட்டிவிட்டால், அடுத்த வருஷம் இரண்டு பேர் காலமானால் திருப்பிக் கொடுக்கக் காசு இருக்காது. புதிதாக வருகிறவர் கட்டும் பணத்தை எடுத்துப் பழையவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிவரும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

பழைய கோயில் கல்வெட்டுகளில் சாவா மூவாப் பேராடு என்று ஒரு சொல் வரும். நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு, சில இடங்களில் தொண்ணூற்றாறு. ஆடு வாங்கிய இடையர், தினம் இத்தனை அளவு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். ஆனால் கணக்கில் தொண்ணூறு தொண்ணூறாகவே இருக்க வேண்டும். சாகாது, மூப்படையாது. நெய்யைத்தான் எடுத்துக்கொள்ளலாம், ஆட்டை அடிக்கக் கூடாது. நம் ஆடிட்டர்கள் மூலநிதி, வட்டி என்று ஒரு மணி நேரம் விளக்குவதை அந்தக் காலத்து இடையர் ஒரே சொல்லில் தெரிந்துவைத்திருந்தார். எங்கள் குழுக் கூட்டத்தில் இப்போதெல்லாம் யாராவது முன்பணத்தைத் தொடப் பார்த்தால், ஆட்டை அடிக்காதேயும் அண்ணாச்சி என்று இன்னொருவர் சொல்லிவிடுவார்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். கோயில் சொத்து சாமியின் சொத்து. சட்டத்தின் கண்ணில் சாமி, சொத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நபர். ஆனால் மைனர் மாதிரி. தானே வந்து வழக்குப் போட முடியாது, கணக்குக் கேட்க முடியாது, வாய் திறந்து பசிக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் தர்மகர்த்தா. பராக்கிரம பாண்டியன் ஏன் அவ்வளவு கெஞ்சினான் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. அவன் விட்டுவிட்டுப் போனது வாய் திறக்க முடியாத ஒரு தெய்வத்தை. எங்கள் இல்லத்துக் கூடத்தில் கடைசிக் கட்டிலில் ஒரு ஆச்சி இருக்கிறார். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். சோறு ஆறிப்போயிருந்தாலும் சூடாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார். அவர் புகார் சொன்னதே இல்லை என்று மேனேஜர் ஒரு அறிக்கையில் எழுதிவிட்டார். எழுதியது பொய் இல்லை!

கோயில் தர்மகர்த்தாக்களைக் கேட்க நம் மாகாணத்தில் படிப்படியாக ஏற்பாடு வந்தது. 1817-இல் கம்பெனி அரசு ஒரு ரெகுலேஷன் போட்டு அறக்கட்டளைகளின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் கொடுத்தது. 1863-இல் கிறிஸ்தவ அரசாங்கத்துக்குக் கோயிலில் என்ன வேலை என்ற எதிர்ப்பால் கையைக் கழுவிக்கொண்டு, தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் விட்டுவிட்டார்கள். கேட்பார் இல்லாத அறுபது வருஷத்தில் நடந்ததைச் சொல்லி மாளாது. பிறகு நீதிக் கட்சி ஆட்சியில் பனகல் அரசர் கொண்டுவந்த சட்டத்தால் 1925-இல் இந்து சமய அறநிலையப் போர்டு வந்தது. அதே சட்டத்தை 1927-இல் மறுபடி இயற்றினார்கள். 1951-இல் போர்டு போய் அரசின் இலாகாவே வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959-ஆம் வருஷச் சட்டம். அந்தப் போர்டில் 1930 முதல் 1935 வரை கமிஷனராக இருந்தவர் வேறு யாரும் இல்லை, நம் ரசிகமணிதான். ஐந்து வருஷம் தர்மகர்த்தாக்களை மேற்பார்த்த பின்னாளில் குற்றாலத்துக்கு வந்து, வந்தவர்களுக்கெல்லாம் கம்பனையும் சோற்றையும் பரிமாறிக்கொண்டு 1954-இல் மறைந்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு மலரே போடலாம்.

முதியோர் இல்லம் நடத்தும் பொது டிரஸ்டுக்கு இந்த மாதிரி ஒரு இலாகா தமிழ்நாட்டில் கிடையாது. 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டுச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. அதன் கொள்கைகளைத்தான் கோர்ட்டுகள் பொது டிரஸ்டுக்கும் எடுத்துக்கொள்கின்றன. அறங்காவலர் தப்புச் செய்தால், அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதி வாங்கி, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அவர்களை நீக்கச் சொல்லலாம், நிர்வாகத் திட்டம் வகுக்கச் சொல்லலாம். வருமான வரிக்காரர்கள் கணக்குக் கேட்பார்கள். 2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, நூற்றைம்பது ஆதரவற்றவர்கள் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்ட பிள்ளைகளிடமிருந்து அந்த எழுத்தை ரத்து செய்யவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் கூடத்துக் கட்டிலில் கிடக்கும் ஆச்சி 92-ஆம் பிரிவில் வழக்குப் போடுவாரா?

பாண்டியன் கதைக்கே திரும்புகிறேன். அவன் வம்சம் அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. நைடதமும் வெற்றிவேற்கையும் பாடிய அதிவீரராம பாண்டியன் அந்த வழியில் வந்தவர்தான். 1564-இல் பட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பிறகு கொஞ்ச காலத்தில் பாண்டியர் என்ற பெயரே அரசியலில் இல்லாமல் போயிற்று. அப்பன் கட்டியதைப் பிள்ளை காப்பான் என்று பராக்கிரமன் நம்பியிருந்தால் கோயில் அன்றைக்கே அநாதையாகியிருக்கும். பாட்டில் அவன் என் குலத்தில் பிறந்தவன் என்று எங்கும் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் என்பதுதான் அவன் கூப்பிட்ட கூப்பாடு.

வரக்கூடாத குறையும் வந்தது. குலசேகரன் முடித்த அந்த ஒன்பது நிலைக் கோபுரம் பிற்காலத்தில் மேல் நிலைகள் அழிந்து, கல் அடிப்பாகம் மட்டும் பிளந்து, மொட்டையாக நின்றது. நெடுங்காலம் அப்படியே கிடந்தது. பெரியவர்கள் அதைக் காட்டித்தான் எங்களுக்குத் தென்காசிக் கோயிலை அடையாளம் சொன்னார்கள். அப்புறம் ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் பணம் கொடுத்து, பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று திருப்பணி நடத்தி, சுமார் 180 அடி உயரத்துக்குப் புதுக் கோபுரம் எழும்பி, 1990-இல் குடமுழுக்கு ஆயிற்று. பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் பாண்டியன் பாட்டு தெரிந்திருக்கும்? ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு ராஜா தங்கள் காலில் விழுந்துவிட்டான் என்பது தெரியாமலே உண்டியலில் போட்டவர்கள்தான் நிறையப் பேர். மறுபடி 2025 ஏப்ரலிலும் குடமுழுக்கு நடந்தது. வேலை முடிந்ததா, கணக்கு சரியா என்று அப்போது ஹைகோர்ட்வரை கேள்வி போயிற்று. கேட்டது நல்லதுதான் என்பது என் கட்சி. கணக்குக் கேட்பவனும் காவலில் சேர்த்திதான்.

எங்கள் குழுவில் ஏழு பேர். நாலு பேர் எழுபதைத் தாண்டியாயிற்று. நாங்களே இன்னும் சில வருஷத்தில் அந்த இல்லத்துக்கு மனுப் போட வேண்டியவர்கள்! மனுப் போடுகிறவனே அறங்காவலராகவும் இருப்பது முறையில்லை என்று டீடில் இருக்கிறது. ஆகவே இரண்டு இடம் இப்போதே காலி, இன்னும் இரண்டு சீக்கிரம் காலியாகும். எங்கள் பிள்ளைகளைப் போடுவதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அறங்காவலரின் சொந்தக்காரருக்குக் கட்டட வேலையோ மளிகைக் காண்ட்ராக்டோ கிடையாது என்பது இன்னொரு தீர்மானம். அதில் எங்களில் ஒருவருக்கு மனத்தாங்கல், இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். சம்பளம் கிடையாது. பஸ் செலவுகூடக் கையிலிருந்துதான்.

நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் தம்பிமார்களும் தங்கைமார்களும் வேண்டும். தங்கைமார்களை முக்கியமாகச் சொல்கிறேன். இல்லத்தில் இருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம், குழுவில் ஒருவர்கூட இல்லை. கணக்குத் தெரிந்த ஒருவர், நர்சு வேலையோ வைத்தியமோ தெரிந்த ஒருவர் கிடைத்தால் விசேஷம். ராத்திரி பத்து மணிக்கு மேல் குற்றாலத்துக்கு வண்டி ஓட்டி வரக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஒன்றுகூடலுக்கு மறுநாள் இல்லத்துக்கு வருகிறவர்களுக்குத் தென்காசியிலிருந்து வேன் ஏற்பாடு ஆகியிருக்கிறது. வேன் முதலில் கோயிலுக்குப் போகும். கல்வெட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். இல்லத்தின் கடந்த மூன்று வருஷத்துக் கணக்குப் புத்தகங்கள் ஆபீஸ் அறை மேஜையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம், கேள்வி கேட்கலாம். மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரை மணிக்கு, அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து. அவர்களுக்குப் போடுவதுதான் நமக்கும்.